துவக்கின் எல்லைக்குள் வாழ்ந்தோர்

அயலவன் தன் வளவில் குறி வைத்துச் சுட்டுப் பழகுகிறான். வேலிக்கு அப்பால் குழந்தைகள் விளையாடுகின்றனர். சுடுபவன், இது என் காணி, என் உரிமை என்கிறான். பக்கத்து வீட்டாரோ, குண்டுக்கு வேலி தெரியுமா என்று கேட்கின்றனர். அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் இவ்வழக்கு இன்றும் ஓயவில்லை. அங்கே நியூயார்க், மாசச்சூசெட்ஸ் முதலிய மாநிலங்களின் சட்டங்கள் ஒரு வரம்பு விதித்துள்ளன. குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள் பிறர் எவரும் சுடலாகாது. சுட வேண்டுமாயின் அவ்வீட்டுக்குரியவரின் சம்மதம் வேண்டும். இவ்விதியில் அடி அளவைவிடச் சம்மதம் என்னும் சொல்லே நம் சிந்தனைக்குரியது. துவக்கை ஏந்தியவன் தன் மனச்சான்றைக் கேட்டுக்கொண்டால் போதாது, அதன் எல்லைக்குள் வாழ்பவனையும் கேட்க வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

நமது மலையகத்தின் வரலாற்றில் இக்கேள்வி எவ்வாறு கேட்கப்பட்டது? கேட்கப்படவேயில்லை என்பதுதான் விடை. ஏன் கேட்கப்படவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயலார் சச்சரவு எழுவதற்கே சில அடிப்படைகள் வேண்டும். இரு தரப்பாருக்கும் வளவு வேண்டும்; இரு தரப்பாரும் சட்டத்தின் முன் வாய் திறக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களாவுக்குப் புல்வெளி இருந்தது, பூந்தோட்டம் இருந்தது, அவற்றைச் சூழ்ந்த மலை முழுவதும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்கோ ஓர் அறை, ஒரு சிறு இஸ்தோப்பு, அதன் ஓரமாய் ஓடும் கான். கானுக்கு அப்பால் கால் வைத்தால் அது தோட்டத்தின் நிலம். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், வேலையை விட்டு நீங்குவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடனோடு ஆளையும் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இந்நிலையிலிருந்த ஒருவன், "துரை, உங்கள் துவக்குச் சத்தம் என் பிள்ளையை அச்சுறுத்துகிறது" என்று யாரிடம் போய் முறையிடுவான்? பங்களாவும் லயமும் ஒரே மலையில் இருந்தன. எனினும் அவை அயல்வீடுகள் ஆகவில்லை.

மலைநாட்டில் ஆங்கிலேயரின் துவக்கு முதலில் விலங்குகளின் மீதே திரும்பியது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர் பெற்றவர். அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அடுத்து அந்நகரில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களோடு மரை துரத்திய கதைகளை நூலாகவே எழுதி இங்கிலாந்தில் புகழீட்டினார். வேட்டை அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. காடும், காட்டில் உள்ளனவும், காடழித்து நட்ட செடியும் தமக்கே உரியன என்பதை அறிவிக்கும் முரசாகவும் அது ஒலித்தது. பொழுது விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய கூலிக்கு அம்முரசின் பொருள் யாரும் சொல்லாமலே விளங்கியது.

1900ஆம் ஆண்டு இத்துவக்குகள் ஒரு படையாக அணிவகுத்தன. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை தோன்றியது. ஐரோப்பியர் மட்டுமே அதில் சேரலாம். தேயிலைத் துரைமாரும் இறப்பர்த் துரைமாரும் ஓய்வு நாட்களில் போர்வீரராயினர். தென்னாபிரிக்க போவர் போருக்கும், 1914இல் எகிப்துக்கும், அங்கிருந்து கலிப்பொலிக் களத்துக்கும் இம்மலைகளிலிருந்து துரைமார் சென்றனர். குறி தவறாது சுடுவதே அப்படையின் அடிப்படைப் பயிற்சி.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அக்காலப் படை ரைபிளின் .303 குண்டு, தடை எதுவும் இல்லாவிடில், இரண்டு மைலுக்கும் அப்பால் சென்று விழக்கூடியது. குறி பார்த்துப் பழகும் சிறிய .22 குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் செல்லும். குறிப்பலகைக்குப் பின்னால் குண்டை விழுங்கும் உயர்ந்த மண்மேடு வேண்டும் என்பதன் காரணம் இதுவே. கல்லில் பட்ட குண்டு திசை மாறித் தெறிக்கும். மலையகமோ பாறையும் பள்ளத்தாக்கும் நிறைந்த நாடு. பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் தெரியார். எதிர்ச்சரிவில் இடுப்பளவு செடிகளுக்கிடையே கூடை சுமந்து நிற்கும் பெண், தொலைவிலிருந்து நோக்குபவனுக்கு ஒரு புள்ளி. இத்தகைய நிலத்தில் எவ்விடம் பாதுகாப்பானது என்பதை அறிந்தவள், அச்சரிவில் நாள்தோறும் நடப்பவளே. ஆனால் அவளுடைய சம்மதம் என்ற ஒன்று அந்நாளைய நிருவாகத்தின் சிந்தனையில் இடம்பெற்றதாகக் கொள்ள இயலாது.

குறிப்பலகையில் பழகிய கை மனிதர் மீது திரும்பும் நாளும் வந்தது. 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்குவதற்கென்று இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. துரைமாரும் ஏனைய ஐரோப்பியத் தொண்டர்களும் ஆயுதம் ஏந்திக் கிராமங்களுக்குள் புகுந்தனர். விசாரணை இன்றியே சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். பின்னர் வந்த பொறுப்புவிலக்கு ஆணை, சுட்டவர்களை வழக்குகளிலிருந்து காத்தது. மறு ஆண்டிலேயே, 1916இல், துவக்குச் சட்டம் பிறந்தது. அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாயிற்று. துவக்கு யாரிடம் இருக்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. அத்துவக்கின் முன் நிற்போரின் குரல் எங்கே ஒலிக்கும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

அக்குரல் தோட்டங்களிலிருந்தே எழுந்தது. தேயிலைத் தொழிலுக்கு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அடிகோலிய லூல்கந்துரை ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ளது. அதே பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் அமைத்து, சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். முன்பு இத்தகைய சாவு தோட்டத்துப் புதைகுழியோடு முடிந்திருக்கும். இம்முறை அவ்வாறு முடியவில்லை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். பொலிசாருக்குக் கட்டளையிடும் அதிகாரம் யாருக்குரியது என்னும் பிணக்கு மூண்டு, மந்திரிகள் பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு பெண், சுட்டது சரிதானா என்று அரசைக் கேட்கும் நிலை அன்று உருவாயிற்று. கேட்கும் வலிமையைச் சங்கம் தந்தது.

ரைபிள் படை 1949இல் கலைந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டனர். துரையின் துவக்கு உறைக்குள் சென்றது. அரசின் துவக்கு வெளியே நின்றது. 1956இல் டயகம தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்கு இரையானவர் ஏப்ரகாம் சிங்கோ. அவர் ஒரு சிங்களத் தொழிலாளி. குண்டு இனம் பார்க்கவில்லை என்று சொல்வது போதாது. தோட்டத்தில் வர்க்கம் ஒன்றே என்பதைத் தம் உயிரால் அவர் எழுதிச் சென்றார் என்பதே பொருத்தம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் வீழ்ந்தார். அங்கே அரசு 7,000 ஏக்கர் தோட்டக் காணியைக் காணியற்ற கிராமத்தாருக்குப் பிரித்தளிக்க முனைந்தது. பிழைப்புப் போகுமே என்று தொழிலாளர் எதிர்த்தனர். காணியற்ற கிராமத்தான், காணியற்ற தோட்டத்தான் என்னும் இரு ஏழை அயலாரை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் துவக்கு நின்றது.

அந்த இரு அயலாருக்கும் இடையில் இன்றும் ஒரு துவக்கு நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் கை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுவே கட்டுத்துவக்கு. மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறுகிறது. கைவிடப்பட்டுக் காடாகிப்போன தேயிலை மலைகளும் ஓடைக்கரைப் பற்றைகளும் பன்றிக்குப் புகலிடம். வேலி அடைக்கப் பணமில்லாத சிறு பயிர்ச்செய்கையாளன் பன்றி வரும் தடத்தில் துவக்கைக் கட்டி, அதன் விசையிலிருந்து மெல்லிய கம்பியை வழிக்குக் குறுக்காக இழுத்து விடுகிறான். கம்பியில் படுவது பன்றியா, விறகு பொறுக்க வந்த கிழவியா, குறுக்கு வழியே பாடசாலைக்குச் செல்லும் மாணவனா என்று அத்துவக்கு கேட்பதில்லை. பெரும்பாலும் குண்டு தைப்பது காலில். உயிர் தப்பினாலும், மலை ஏறிப் பிழைக்கும் குடும்பத்துக்குக் கால் போவது பாதி உயிர் போவதே. கட்டுத்துவக்கு சட்ட விரோதமானது. ஆயினும் அதைக் கட்டியவனைக் குற்றவாளி என்று பெயரிட்டு நாம் கடமையை முடித்துக்கொள்ளலாகாது. அவன் பயிரைக் காக்க வேறு வழி செய்யாத ஏற்பாட்டையும் நாம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே, துவக்கின் பாதுகாப்பு என்பது துவக்குப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அது காணி, குரல் என்னும் இரண்டையும் பற்றிய கேள்வி. தன் வளவென்று ஒரு துண்டு நிலமும், அதற்கு உறுதியும் உடையவனே, என் எல்லைக்குள் உன் குண்டு வரலாகாது என்று சொல்ல முடியும். மலையகத்தில் ஏழு பேர்ச் காணி பற்றிய பேச்சுக்களும் திட்டங்களும் வந்த பிறகும், பெருந்தொகையினர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர். வேலியும் இழப்பீடும் பெற்ற கிராமத்து விவசாயிக்குக் கம்பி இழுக்கும் தேவை குறையும். தோட்டமும் கிராமமும் ஒன்றாய் அமர்ந்து, எந்தத் தடத்தில் மக்கள் நடக்கின்றனர், எந்த மலை காடாகிக் கிடக்கிறது என்று பேசினால் உயிர்கள் தப்பும். அத்தகைய பேச்சைத் தொடங்கி வைக்க ஆசிரியர்களாகிய நம்மாலும் மாணவர்களாலும் இயலும். நம் வகுப்பறையில் லயத்துப் பிள்ளையும், பல பாடசாலைகளில் கிராமத்துப் பிள்ளையும் இருக்கிறார்கள். கோவிந்தனையும் ஏப்ரகாம் சிங்கோவையும் ஒரே பாடத்தில் அவர்களுக்குக் கற்பிப்போம்.