பொன் விலை இறங்கினால் காசின் விலையும் இறங்குமோ?

பொன் விலை ஏறினாலும் பேச்சு, இறங்கினாலும் பேச்சு. பெண்ணைப் பெற்ற இல்லங்களில் நாளிதழ் வந்ததும் முதற்கண் பார்க்கப்படுவது அன்றைய பவுன் விலையே. 2024ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், மத்திய அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டினின்றும் 6 விழுக்காடாகக் குறைத்தது. அன்று ஒரே நாளில் சென்னையில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் விலை இறங்கிற்று. வாங்கக் காத்திருந்தோர் மகிழ்ந்தனர். முதல் வாரம் வாங்கியோர் வருந்தினர். ஆனால் பாட்டன் பாட்டி காலத்துப் பொற்காசுகளைப் பெட்டியில் வைத்திருப்போர் மகிழ்வதா வருந்துவதா என்னும் ஐயத்தில் ஆழ்ந்தனர். அவர்தம் ஐயத்திற்கு வரலாறு என்ன விடை பகருகின்றது என்பதை இம்மலரின் வாயிலாக ஒருவாறு ஆராய்வோம். இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் சித்தூர், திருப்பதிச் சீமையே இதற்கேற்ற பாடசாலையாகும்.

திருமலையும் பொன்னும்

திருவேங்கட மலையில் பொன் குவிந்த வரலாறு மிகப் பழமையானது. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளன என்பது நம்மனோர் பெருமிதத்துடன் நினைக்கத்தக்க செய்தியாம். பத்தாம் நூற்றாண்டில் பல்லவ குலத்துச் சாமவை என்னும் அரசமாதேவி வெள்ளித் திருமேனியும் பொன் அணிகலன்களும் நிலமும் வழங்கியதைத் தமிழ்க் கல்வெட்டே கூறுகின்றது. பிற்காலத்தில் திருவிழாவுக்கும் திருவமுதுக்கும் அன்பர்கள் அளித்த தொகைகள் 'நற்பணம்' என்று கணக்கிடப்பட்டன.

விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) ஏழு முறை இம்மலைக்கு வந்தவர். உதயகிரிக் கோட்டையை வென்று திரும்பிய 1514ஆம் ஆண்டில், 30,000 பொற்காசுகளால் பெருமானுக்குக் கனகாபிடேகம் செய்வித்தார். அக்காலத்து வராகன் ஒன்றின் எடை சற்றேறக்குறைய 3.4 கிராம். அவ்வெடைப்படி கணக்கிட்டால் 30,000 காசுகள் ஏறத்தாழ 102 கிலோ பொன்னாகும். நம் வீட்டுக் கணக்கில் சொல்வதாயின் 12,750 பவுன்! இத்துணைக் காசுகளும் இன்று எங்கே? உருகி அணிகலனாயினவும், கைமாறி நாடெங்கும் பரவினவும், மண்ணில் மறைந்தனவும் போக, விசயநகரக் காசுகளிற் சிறு பகுதியே இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றது. காசு என்பது பொன்னால் ஆனதாகையால், அதனை உருக்கும் ஆசை எக்காலத்தும் மாந்தரை விட்டதில்லை. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சுவாமி வராகன்

தலைக்கோட்டைப் போருக்குப் பின் (1565) விசயநகர மரபினர் தெற்கே பெயர்ந்தனர். ஆரவீடு மரபின் வேங்கடபதிராயர் (1586–1614) காலத்தில் சந்திரகிரியும் வேலூரும் தலைமை நகரங்களாய் விளங்கின. இன்றும் சந்திரகிரிக் கோட்டையுள் இராசமகால் நிமிர்ந்து நிற்பதை நாம் குழந்தைகளுடன் சென்று கண்டிருக்கின்றோம். அவ்வேங்கடபதியார் வெளியிட்ட வராகனின் ஒருபுறம் திருவாசியின்கீழ் வேங்கடவன் நின்ற திருக்கோலம். மறுபுறம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ வேங்கடேசுவராய நம' என்னும் வாசகம். அரசன் தன் உருவத்தைப் பொறிக்கவில்லை. ஆண்டவன் உருவத்தையே பொறித்தான்.

1639ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சந்திரகிரி இராயர்க்கு உட்பட்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் சென்னைப் பகுதியைப் பிரான்சிசு டே என்பாரிடம் கிழக்கிந்தியக் கும்பெனிக்காக வழங்கினார். அச்சாசனத்தில் நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. கும்பெனியார் வணிகத் தந்திரம் அறிந்தவர். கடல் கடந்து வந்த கிறித்தவ வணிகரான அவர்கள், சென்னைக் கோட்டை அக்கசாலையில் அடித்த பொற்காசில் திருமாலையும் இரு தேவியரையும் பொறித்தனர். 'மூன்று சுவாமி வராகன்' என்பது இதுவே. மக்கள் பழகிய முத்திரை இருந்தாலன்றிக் கடைத்தெருவில் காசு செல்லாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டில், ஒருபுறம் நட்சத்திரம் பொறித்த 'நட்சத்திர வராகன்' வந்தது. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு.

அந்நாளில் பலவகை வராகன்கள் ஒருங்கே வழங்கின. ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு. ஆதலால் சராபுகள் உரைகல்லில் உரைத்துப் பார்த்து வட்டம் பிடித்துக்கொண்டே காசை மாற்றித் தருவர். இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்திலேயே காசின் மதிப்பு பொன்னின் மதிப்போடு முற்றும் ஒன்றாக இருந்ததில்லை. முத்திரைக்கு ஒரு மதிப்பு; பொன்னுக்கு ஒரு மதிப்பு. முத்திரையை நம்பினவன் காசாக வாங்கினான். நம்பாதவன் எடையாக வாங்கினான்.

மூசையில் மறைந்த காசுகள்

1801இல் கருநாடக ஆட்சி கும்பெனியின் கைக்கு வந்தது. திருமலைக் கோயில் வருவாயும் வட ஆர்க்காடு கலெக்டரின் மேற்பார்வைக்கு உட்பட்டது. 1843இல் கோயில் நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933இல் தேவஸ்தானக் குழு ஏற்பட்டது. இதற்கிடையே 1818இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே நாணய அளவு என்று விதிக்கப்பட்டது. ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்த்தனர். செலாவணி இழந்த பொற்காசுக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, பெண்டிர் கழுத்தில் காசுமாலையாவது. மற்றொன்று, தட்டானின் மூசையில் உருகுவது. முன்னது சில காசுகளைக் காத்தது. பின்னது பலவற்றை விழுங்கிற்று.

இனி 'பவுன்' என்று நாம் வழங்கும் ஆங்கில சவரனின் கதையைக் காண்போம். 1899 முதல் ஒரு சவரன் 15 ரூபாய்க்குச் செல்லும் என்று சட்டம் வகுத்தனர். 1920இல் அதனை 10 ரூபாயாகக் குறைத்தனர். சட்டப் புத்தகத்தில் பொன்னின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. ஆனால் சந்தை அவ்விலையை ஏற்கவில்லை. 15 ரூபாய் பெறும் பொருளைப் பத்து ரூபாய்க்கு எவர் கொடுப்பார்? சவரன்கள் வெளிவராமல் பெட்டிக்குள் அடங்கின. விலை இறங்கும்போது நல்ல காசு ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதற்கு மாறான காட்சி 1931இல் தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்து தங்க அடிப்படையைக் கைவிட்டது. அதற்குமுன் தோலா ஒன்று 21 ரூபாய் அளவில் இருந்த பொன், சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டிற்று. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்லும் நிலக்கடலையும் விலை வீழ்ந்து கிடந்தன. கிஸ்தி கட்டவும் கடன் அடைக்கவும் வழியற்ற உழவர் வீட்டுப் பொன்னை விற்றனர். அப்பொன் கப்பலேறிக் கடல் கடந்தது. விற்றவர் பசிக்கு விற்றார். வாங்கியவர் எடைக்கு வாங்கினார். அவற்றுள் எத்துணை வராகன்கள், எத்துணைச் சோழர் காசுகள் கட்டிகளாக உருகிச் சென்றனவோ, எண்ணிப் பார்க்க நெஞ்சம் வருந்துகின்றது. பழங்காசுக்குப் பகை விலை இறக்கமன்று. விலை ஏற்றமே என்பதை இதனால் அறிகின்றோம்.

சேகரிப்போர் நடந்த நெறி

1933இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆயினும், சேகரிப்போர் போற்றும் அரிய காசுகளுக்கு அவ்வாணையில் விலக்கு அளிக்கப்பட்டது. காசில் பொன்னைத் தவிர வேறொன்றும் உண்டு என்பதை அவ்வரசும் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு அடித்த 20 டாலர் பொற்காசுகள் வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. தப்பிய சிலவற்றுள் ஒன்று 2002ஆம் ஆண்டு ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அப்பொழுது பொன் விலை தாழ்ந்திருந்த காலம். அக்காசிலுள்ள பொன்னின் மதிப்பு 300 டாலர் அளவே. மீதி முழுவதும் வரலாற்றின் விலை அன்றோ!

பொன் விலை பெருவீழ்ச்சி கண்ட காலங்கள் சிலவுண்டு. 1980 ஜனவரியில் அவுன்சு ஒன்றுக்கு 850 டாலரை எட்டிய பொன், 1982இல் 300 டாலர் அளவிற்கு வந்தது. 1999இல் இங்கிலாந்து வங்கி தன் கையிருப்பில் பெரும்பகுதியை விற்கப்போவதாக அறிவித்தபின் 250 டாலரை ஒட்டிச் சென்றது. 2013 ஏப்ரல் 15ஆம் நாளில் ஏறத்தாழ முப்பதாண்டுகளில் காணாத ஒருநாள் வீழ்ச்சி ஏற்பட்டது. அப்பொழுது நம் நாட்டு மக்கள் அஞ்சவில்லை. நகைக்கடைகளில் கூட்டங் கூட்டமாக நின்று வாங்கினர். வீழ்ந்த பொன் வீழ்ந்தே கிடக்கவுமில்லை. 2025இல் அவுன்சு 4,000 டாலரைக் கடந்தது.

இவ்விறக்கங்களின்போது காசு சேர்ப்போர் இரு பிரிவினராய்ப் பிரிவதைக் காணலாம். முதற் பிரிவினர் பொன்னுக்காகக் காசு வாங்குவோர். புதிதாக அச்சிட்ட காசுகளை எடைக்கு எடை வாங்கி அடுக்கி வைப்பர். பொன் இறங்கினால் இவர்தம் காசும் அதே அளவில் இறங்கும். ஆதலின் மனக்கலக்கம் மிகுதி. இரண்டாம் பிரிவினர் காசுக்காகக் காசு வாங்குவோர். வேங்கடபதிராயர் வராகனின் விலையைத் தீர்மானிப்பது அதன் அருமையும், முத்திரையின் தெளிவும், அதனைத் தேடுவோர் தொகையுமாம். பொன் விலை அதற்கு அடித்தளம் மட்டுமே. அடித்தளம் சிறிது தாழ்ந்தால் மாடி இடிந்துவிடாது. மேலும், விலை இறங்கிய காலத்தில் உருக்குவோர் ஆசை தணிகின்றது. பழங்காசுகள் உயிர் பிழைக்கின்றன. ஆகவே அறிவுடைய சேகரிப்போர் அக்காலத்தை நற்காலமாகவே கொள்வர்.

பம்பாயில் 1918இல் இருவகைப் பொற்காசுகள் அடிக்கப்பட்டன. ஒன்று, ஐந்தாம் ஜார்ஜின் 15 ரூபாய் மொகர். மற்றொன்று, 'ஐ' என்னும் எழுத்துக் குறியிட்ட சவரன். இரண்டும் ஏறத்தாழ 7.99 கிராம்; இரண்டும் 22 காரட். தட்டானின் தராசுக்கு இவ்விரண்டும் ஒன்றே. சேகரிப்போனுக்கோ இரண்டும் வெவ்வேறு. இரண்டிற்கும் வெவ்வேறு விலை. நம் பார்சல் ஆபீசில் எடைக்குக் கட்டணம் போடுகின்றோம். பெட்டிக்குள் இருப்பது செங்கல்லா வீணையா என்பதைத் தராசு அறியுமோ?

இவ்விரு விலைகளின்றி மூன்றாவது விலை ஒன்றும் உண்டு. தேவஸ்தானத்தார் வேங்கடவன், பத்மாவதித் தாயார் திருவுருவம் பொறித்த தங்க டாலர்களை விற்பதை நாம் அறிவோம். சந்தைக் கணக்கில் அவை எடைப்பொன்னே. பொன் இறங்கினால் அவற்றின் விலையும் இறங்கும். ஆயினும் கழுத்தில் அணிந்த பக்தர் விலைப் பட்டியலைப் பார்த்து அதனைக் கழற்றுவதில்லை. பொன்விலை, பழமைவிலை, பக்திவிலை என மூன்றாக வகுத்துக்கொண்டால், எக்காசு எதற்குரியது என்பது தெளிவாகும்.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

ஊர் விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நம் போன்றோர்க்கு நிலமும் வீடும் தொலைவில் இருக்கலாம். பாட்டியின் காசுமாலையோ உடன் வந்திருக்கும். கல்விச் செலவும் திருமணமும் வரும்போது அதனை அழித்துப் புதுநகை செய்வது வழக்கமாகிவிட்டது. தேவை வரும்போது விற்பது குற்றமன்று. விற்பது இன்னதென்று அறியாமல் விற்பதே இழப்பு. ஆகவே சில முறைகளைக் கைக்கொள்ளல் நலம்.

முதலாவது, அழிக்குமுன் ஒவ்வொரு காசின் இருபுறத்தையும் உற்று நோக்குக. சுவாமி உருவமோ, நாகரி எழுத்தோ, புள்ளிகளோ, நட்சத்திரமோ இருப்பின் அறிந்தாரிடம் காட்டுக. இரண்டாவது, புளியிட்டுத் தேய்த்தலும் மெருகிடுதலும் கூடா. பொடி வைத்துப் பற்றவைத்த வளையமும் துளையும் பழமைவிலையைப் பெரிதும் குறைக்கும். ஆதலால் இன்னும் துளையிடாத காசைத் துளையிடாது விடுக. மூன்றாவது, பழங்காசு என்று சொல்லி விற்கப்படும் போலிகள் மலிந்துள்ளமையால், ஆசைப்பட்டு வாங்குவோரும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

நான்காவது, மண்ணிற் கிடைத்த புதையலை மறைத்து வைத்தல் கூடாது. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டோர் கலெக்டருக்கு அறிவித்தல் கடமை. நூறாண்டு கடந்த காசுகளை உரிமமின்றி வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடை செய்கின்றது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காக் கோயில் வளாகத்தில் ஒரு பாண்டத்துள் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை 1,716 கிராம். அவை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டமையால் நாடு அறிந்தது. மறைத்து உருக்கியிருந்தால், ஏறத்தாழ 214 பவுன் பொன் கிடைத்திருக்கும். ஒரு பக்க வரலாறு அழிந்திருக்கும்.

அன்பர்களே! பொன் நாளை ஏறும், மறுநாள் இறங்கும். அதன் போக்கை அரசும் வங்கியும் கடல் கடந்த சந்தைகளும் நிர்ணயிக்கின்றன. அது நம் கையில் இல்லை. நம் பெட்டியிலுள்ள காசு இன்னதென்று அறிவதும், அதனை நம் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் கையில்தான் உள்ளன. உருக்கிய பொன்னை மீண்டும் வாங்கலாம். உருக்கிய வராகனை வாங்க இயலாது. இவ்வுண்மையை ஒவ்வோர் இல்லத்து அன்னையரும் உணர்வாராயின், இம்மலர் வெளிவந்த பயன் பெரிதாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!