டயர் வணிகமும் வழிகாட்டி நூலும்: மிஷெலின் நிறுவனம் நம்பகம் ஈட்டிய வரலாறு

ஒரு துறையைப் பற்றி ஐயம் எழும்போது மக்கள் யாரிடம் சென்று கேட்கிறார்களோ, அவர் விற்கும் சரக்குக்கும் அந்த மதிப்பு வந்து சேர்கிறது என்பது வணிகர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கும் செய்தி. இன்றைய வணிக மேலாண்மை நூல்கள் இதனைச் 'சிந்தனைத் தலைமை' என்று குறிக்கின்றன. விளம்பரத்தின் வழியாகச் சரக்கைப் புகழாமல், பயனுள்ள அறிவை இலவசமாக வழங்கி அதன் மூலம் துறையில் முதன்மை பெறுவது என்பது இதன் பொருள். இணையம் வந்த பிறகு இது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எட்டக்கூடிய முயற்சியாகிவிட்டது என்றாலும், இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்தது அன்று. அமெரிக்காவில் ஏர்க்கலப்பைகளும் வேளாண் கருவிகளும் செய்துவந்த ஜான் டியர் நிறுவனம் 1895இலேயே உழவர்களுக்கென்று ஓர் இதழை வெளியிடத் தொடங்கியது. ஆயினும் இவ்வழக்கத்தின் வலிமையையும், அது எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதையும் முழுமையாகக் காட்டுவது பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனத்தின் வரலாறேயாகும்.

பிரான்சின் நடுப்பகுதியில், அணைந்த எரிமலைகள் சூழ்ந்த ஓவெர்ன் மலைநாட்டில் அமைந்துள்ள கிளெர்மோன்-ஃபெரான் நகரில், வேளாண் கருவிகளும் ரப்பர்ப் பொருள்களும் செய்துவந்த ஒரு குடும்பத் தொழிற்சாலை நலிந்து மூடும் நிலைக்கு வந்திருந்தபோது, அதனைக் காப்பாற்றும் பொறுப்பு ஆந்த்ரே மிஷெலின், எதுவார் மிஷெலின் என்ற இரு சகோதரர்களிடம் வந்தது. மூத்தவரான ஆந்த்ரே பொறியியல் பயின்றவர். இளையவரான எதுவார் பாரிசில் ஓவியம் பயின்றவர். 1889இல் அவர்கள் பெயரால் நிறுவனம் உருப்பெற்றது.

ஒரு நாள் மிதிவண்டியோட்டி ஒருவர் பஞ்சரான காற்று டயரைச் சரிசெய்து தருமாறு கேட்டு அத்தொழிற்சாலைக்கு வந்தார் என்று நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. காற்று டயர் அப்போது புதுமை; டன்லப் செய்த அந்த டயர் மரத்தாலான ரிம்மின் மீது பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பிய்த்தெடுத்து, துளையைக் கண்டுபிடித்து அடைத்து, மீண்டும் ஒட்டுவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்ததோடு, பசை காய்வதற்கு ஓர் இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டியிருந்தது. மறுநாள் எதுவார் அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தபோது சிறிது தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கிவிட்டது. காற்றின் மீது செல்வதால் கிடைத்த மென்மையை அவர் உணர்ந்தார். டயரை ரிம்மிலிருந்து எளிதில் கழற்ற முடிந்தால் மட்டுமே அது உலகத்துக்குப் பயன்படும் என்பதையும் உணர்ந்தார். 1891இல் அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயருக்குக் காப்புரிமை பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் மிதிவண்டிப் பந்தயத்தில் அந்த டயர்களைப் பூட்டிச் சென்ற ஷார்ல் தெரோன், ஏறத்தாழ 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்துசேர்ந்தார். 1895இல் பாரிஸ்-பொர்தோ-பாரிஸ் மோட்டார் பந்தயத்தில் சகோதரர்களே காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வெற்றி கிட்டவில்லை எனினும், காற்று டயரால் ஒரு காரைத் தாங்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

பந்தய வெற்றி ஒரு நாள் பேச்சாகவே முடிந்துவிடும். டயர் என்பது தேய்ந்தால்தான் மீண்டும் விற்கும் பொருள். அது தேய்வதற்கு மக்கள் ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டும். ஆனால் 1900இல் பிரான்சு முழுவதிலும் இருந்த கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. பெட்ரோல் நிலையம் என்ற ஒன்று அன்று இல்லை. பெட்ரோல் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் தகரக் கலன்களில் விற்கப்பட்டது. எந்த ஊரில் அது கிடைக்கும், எங்கே பழுது பார்ப்பவர் இருக்கிறார், இரவில் எங்கே தங்கலாம் என்ற விவரங்களை முன்கூட்டி அறிய வழியில்லாத நிலையில், கார் வைத்திருந்தவர்களும் பழகிய சாலைகளை விட்டு வெளியே செல்லத் தயங்கினர். சகோதரர்கள் கண்டுகொண்ட உண்மை இதுவே: டயர் விற்பனைக்குத் தடையாக இருந்தது போட்டியாளரின் சரக்கு அன்று, பயணிகளின் அறியாமை.

பாரிசில் உலகக் கண்காட்சி நடந்த அந்த ஆண்டில், மோட்டார் ஓட்டிகளுக்கான வழிகாட்டி நூலின் முதற்பதிப்பு 35,000 படிகள் அச்சிடப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டது. நாட்டிலிருந்த கார்களின் எண்ணிக்கையைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட படிகள் இவை. சட்டைப்பைக்குள் அடங்கும் அச்சிறு நூலின் தொடக்கத்தில் டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் பஞ்சர் ஒட்டுவதும் படங்களுடன் விளக்கப்பட்டிருந்தன. பெரும்பகுதியை நிரப்பியது அகரவரிசையில் அமைந்த ஊர்ப்பட்டியல். ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் கீழே அடுத்த ஊர்களுக்கான தொலைவு, பெட்ரோல் விற்பவர், பழுது பார்ப்பவர், மருத்துவர், அஞ்சல், தந்தி, தொடர்வண்டி வசதி ஆகியவை சிறு குறியீடுகளால் காட்டப்பட்டன. தங்கும் விடுதிகள் அவற்றின் சமையலைக் கொண்டு தரம் பிரிக்கப்படவில்லை. அறை, மெழுகுவத்தி, உணவு ஆகியவற்றுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவைக் கொண்டே பிரிக்கப்பட்டன. மின்விளக்கு பரவாத காலத்தில் மெழுகுவத்திக்கும் விடுதி தனியே காசு வாங்கியது என்பதை நினைவில் கொண்டால், அந்த நூல் எவ்வளவு நுணுக்கமாகப் பயணியின் பையை எண்ணிப் பார்த்தது என்பது விளங்கும்.

இந்த நூலில் இருந்தவற்றுள் மிக முக்கியமானது, படிப்பவர் நிரப்பி அனுப்புவதற்கென்று வைக்கப்பட்டிருந்த வினாப்பட்டியல்தான். பட்டியலில் தவறு இருந்தால் தெரிவிக்குமாறும், விடுதியின் தூய்மையைப் பற்றியும் கடைக்காரரின் நேர்மையைப் பற்றியும் எழுதுமாறும், அவர்களது உதவியின்றி இந்நூல் நிறைவு பெறாது என்றும் நிறுவனம் மோட்டார் ஓட்டிகளைக் கேட்டுக்கொண்டது. தன் நூலில் தவறு இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்துவதை ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையாக ஏற்றுக்கொண்டதே பிற விளம்பர ஏடுகளிலிருந்து இந்நூலைப் பிரித்துக் காட்டிய பண்பு. ஓர் ஊரில் பெட்ரோல் விற்ற மளிகைக்காரர் கடையை மூடிவிட்டால், அடுத்த பதிப்பில் அவர் பெயர் இருக்கக்கூடாது. இருந்தால், நம்பிச் சென்ற பயணி நடுச்சாலையில் நிற்க நேரும், அவர் அதன்பின் டயரையும் நம்பமாட்டார். நம்பகம் என்பது இங்கே கருத்தாக அல்லாமல், ஆயிரக்கணக்கான சிறு விவரங்களைச் சலிக்காமல் சரிபார்க்கும் எழுத்தர் வேலையாகவே இருந்தது.

ஆந்த்ரே 1901 முதல் விளையாட்டு நாளேடு ஒன்றில் திங்கட்கிழமைதோறும் கட்டுரைப் பத்தி நடத்தினார். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், எப்படி ஓட்டினால் சீக்கிரம் தேயும் என்பவற்றோடு, சாலைகளின் நிலையைப் பற்றியும் அதில் வாதங்கள் வந்தன. 1908இல் பாரிசில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது; எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் செல்ல வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்களுக்கு அங்கிருந்து வழித்தடக் குறிப்பு கட்டணமின்றி அனுப்பப்பட்டது. 1910இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பிரான்சு முழுமைக்கும் 1:200,000 அளவீட்டில், அதாவது நிலத்தில் இரண்டு கிலோமீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டராக அமையும்படி, சாலை வரைபடங்கள் வெளியிடப்பட்டன. வரைபடத்தில் சாலைக்கு எண் இருந்தாலும் சாலையோரத்தில் அந்த எண் இல்லாவிட்டால் பயனில்லை என்பதால், 1912இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் நிறுவனம் ஒரு விண்ணப்பத்தை வைத்துச் சாலைகளுக்கு எண்ணிடுமாறு அரசைக் கோரிக் கையொப்பம் திரட்டியது. குடியரசுத் தலைவர் ஃபாலியேரும் அதில் கையொப்பமிட்டார். அரசு மறு ஆண்டே அதற்கு இசைந்தது. ஊராட்சிகளுக்கு ஊர்ப்பெயர்ப் பலகைகளை நிறுவனம் இலவசமாக வழங்கியது. பிற்காலத்தில் கிளெர்மோன் நகரை அடுத்த வோல்விக்கில் வெட்டியெடுத்த எரிமலைக் கல்லின் மீது எனாமல் பூசி எழுத்துப் பொறித்த வழிகாட்டிக் கற்களைச் சாலைச் சந்திகளில் நட்டது. அக்கற்கள் இன்றும் பிரான்சின் கிராமச் சாலைகளில் காணப்படுகின்றன. அரசு செய்யவேண்டிய ஒரு வேலையை வணிக நிறுவனம் செய்து காட்டி, பின்னர் அரசையே அவ்வழியில் செலுத்தியது என்பது சாதாரண செய்தியன்று.

முதல் உலகப் போரின்போது வழிகாட்டி நின்றுபோனது. ஆனால் 1917 முதல், போர்க்களங்களைப் பார்வையிட விரும்புவோருக்கெனத் தனி நூல் வரிசையொன்று வெளிவந்தது. தம் மகனோ கணவனோ இறந்த இடத்தைத் தேடிச் சென்ற குடும்பங்கள் அவற்றைக் கையில் ஏந்திச் சென்றன. துயரத்தையும் பயணமாக்கும் இம்முயற்சி பற்றி இருவேறு கருத்துகள் எழலாம் எனினும், இடிந்துபோன ஊர்களின் பழைய தோற்றத்தையும் புதிய தோற்றத்தையும் அருகருகே படங்களாகப் பதிந்துவைத்த அந்நூல்கள் இன்று வரலாற்று மாணவர்களுக்கு நல்ல சான்றுகளாக உள்ளன.

1920இல் வழிகாட்டிக்கு விலை வைக்கப்பட்டது. டயர்க் கடையொன்றில் தம் நூல்கள் மேசையொன்றுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டதைக் கண்ட ஆந்த்ரே, காசு கொடுத்து வாங்கியதையே மனிதர் மதிப்பர் என்று முடிவு செய்ததாக நிறுவனம் சொல்லிவருகிறது. அதனோடு சேர்ந்து விடுதிகளின் விளம்பரங்கள் நூலிலிருந்து விலக்கப்பட்டன என்பதே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய மாற்றம். நூலுக்கான பணம் படிப்பவரிடமிருந்து வரத் தொடங்கியதும், மதிப்பிடப்படுபவரிடமிருந்து பணம் வாங்கும் தேவை நீங்கியது. 1926இல் சிறந்த உணவகங்களுக்கு ஒரு விண்மீன் குறி இடப்பட்டது; 1931இல் இரண்டும் மூன்றும் சேர்ந்தன; 1936இல் அவற்றின் பொருள் வரையறுத்து வெளியிடப்பட்டது. ஒரு விண்மீன், தன் வகையில் நல்ல உணவகத்தைக் குறித்தது. இரண்டு, சென்றுகொண்டிருக்கும் வழியை விட்டு விலகிச் சென்று உண்ணத் தகுந்ததைக் குறித்தது. மூன்று, அங்கு உண்பதற்கென்றே தனிப் பயணம் மேற்கொள்ளத் தகுந்ததைக் குறித்தது. சுவையை அளப்பதற்குக் கொள்ளப்பட்ட அளவுகோல் இங்கே சாலையின் தொலைவு என்பதை உற்று நோக்க வேண்டும். டயர் வணிகரின் கண்ணோட்டம் மறையாமல், ஆனால் டயர் என்ற சொல் எங்கும் வராமல், ஒரு நாட்டின் சமையற்கலைக்கே இலக்கணம் எழுதப்பட்டது.

விண்மீன்களுக்கு வலிமை தந்தவர்கள் நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்த சோதகர்கள். அவர்கள் பெயர் சொல்லாமல் சென்று, பிற வாடிக்கையாளர்களைப் போலவே உண்டு, உண்டதற்குரிய பணத்தைச் செலுத்திவிட்டு வந்து அறிக்கை எழுதினர். 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கவிருந்த நேச நாட்டுப் படையினருக்காக 1939ஆம் ஆண்டு வழிகாட்டி வாஷிங்டனில் மறுபதிப்புச் செய்து வழங்கப்பட்டது. அதிலிருந்த நகர வரைபடங்களைவிட நம்பகமானவை வேறு இல்லை என்று படைத்தலைமை கருதியது. ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பர ஏடாகப் பிறந்த நூலுக்கு இதைவிடப் பெரிய ஏற்பு கிடைத்திருக்க முடியாது.

இவ்வளவு விவரங்களைச் சொன்ன அந்நூல் சொல்லாமல் விட்டதும் உண்டு. டயரின் மூலப்பொருளான ரப்பர் எங்கிருந்து வந்தது, அதனை வடித்தெடுத்தவர் யார் என்பது பயணிக்குத் தேவையற்ற செய்தியாகக் கருதப்பட்டது. நிறுவனம் 1920களில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் தெற்கே தோட்டங்களை அமைத்து, வடபுலத்து ஏழை உழவர்களை ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுவந்து வேலை வாங்கியது. 1930 பிப்ரவரியில் ஃபூ ரியெங் தோட்டத்துத் தொழிலாளர்கள் கொடுமை தாளாமல் வேலைநிறுத்தம் செய்தனர். வியட்நாமியர் அதனைச் 'செந்நிற ஃபூ ரியெங்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். அதே காலத்தில் மலாயாவின் தோட்டப்புறங்களில் கங்காணிகளால், அதாவது ஊரிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டிச் சென்று மேற்பார்வை செய்தவர்களால், அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். உலகின் கார்கள் ஓடிய ரப்பரில் கணிசமான பகுதி அவர்கள் கையால் வடிந்தது. மளிகைக்காரரின் பெயரைக்கூட விடாமல் பதிந்த ஒரு பண்பாடு, இவர்களுள் ஒருவருக்கும் ஒரு வரி ஒதுக்கவில்லை என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடலாகாது.

நம்பகம் உயர்ந்த அளவுக்கு அதன் மீதான சோதனையும் கடுமையாயிற்று. 2004இல் முன்னாள் சோதகர் ஒருவர் நூலெழுதி, பல உணவகங்கள் ஆண்டுதோறும் சோதிக்கப்படுவதில்லை என்று குற்றஞ்சாட்டினார். நிறுவனம் அதை மறுத்தது. மறு ஆண்டு பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளுக்கான பதிப்பில், ஊஸ்டெண்டு நகரில் சோதனைக் காலத்தில் திறக்கப்படவே இல்லாத ஓர் உணவகத்துக்குப் பாராட்டு அச்சாகியிருந்தது வெளிப்பட்டதும், அப்பதிப்பு முழுவதையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. சுவையைப் பற்றிய கருத்துவேறுபாடாக இருந்தால் அதனைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். நேரில் போய்ப் பார்த்தோம் என்ற அடிப்படையே இங்கே ஆட்டங்கண்டது.

கடிதம் வழியாக வழித்தடம் சொன்ன பழைய பணி, முதலில் பிரான்சின் தொலைபேசி வழித் தகவல் வலையான மினிடெல்லுக்கும், 2001இல் வியாமிஷெலின் என்ற இணையதளத்துக்கும் இடம் மாறியது. வரைபடமும் வழித்தடமும் எல்லாருக்கும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு நிறுவனத்திடம் தனித்துவமாக எஞ்சியது விண்மீன்கள் மட்டுமே. அச்சு நூலின் விற்பனை குறைந்துவந்த காலத்தில், தம் நாட்டுக்கும் வழிகாட்டி வேண்டுமென்று விரும்பிய சுற்றுலாத் துறைகள் நிதி வழங்க முன்வந்தன. தாய்லாந்தின் சுற்றுலா ஆணையம் ஐந்து ஆண்டுகளுக்கென 14.4 கோடி பாட் ஒதுக்கியதையடுத்து, பாங்காக் நகருக்கான முதல் வழிகாட்டி 2017 டிசம்பரில் வெளிவந்தது. தேர்வில் எவரும் தலையிடுவதில்லை என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. சோதகர் உண்ட உணவுக்கான பணத்தை நிறுவனமே செலுத்துகிறது. ஆனால் இத்தகைய நாடுகளுக்கான வழிகாட்டியின் செலவில் ஒரு பங்கு, 1920இல் விலக்கப்பட்ட விளம்பரங்களைப் போலவே, நூலைப் படிப்பவர் அல்லாத ஒருவரிடமிருந்து வருகிறது.