விளம்பரக் குறிப்பு பக்கத்திலேயே இருப்பது ஏன்?

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது பண்டார் பாரு. இவ்வூரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு நெடுங்காலம் விளம்பரத்தைக் கொணர்ந்தது அச்சேறிய நாளேடே. 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019இல் நின்ற ‘தமிழ் நேசன்’ போன்ற ஏட்டில், விளம்பரம் எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் என்னும் குறிப்பு அச்சகத்தாரிடமே இருந்தது. செய்தியையும் விளம்பரத்தையும் ஒரே கை பக்கமாகக் கட்டிற்று.

இணையம் இம்முறையை மாற்றிற்று. 1994 அக்டோபரில் அமெரிக்காவின் ‘ஹாட்வயர்ட்’ தளத்தில் விளம்பரப் பட்டைகள் தோன்றின. மறு ஆண்டே நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை ஆக்கினார். கட்டளைகள் படிப்பவர் கணினியிலேயே இயங்கலாயின. செய்தி ஓரிடத்திலிருந்தும் விளம்பரம் வேறோரிடத்திலிருந்தும் வந்து, பண்டார் பாருவில் படிப்பவரின் திரையில் முதன்முதலாகச் சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்திலேயே குறிப்பும் இருந்தாக வேண்டும்.

2003இல் கூகுள் தொடங்கிய ‘ஆட்சென்ஸ்’ இதற்கு நல்ல சான்று. அதன் பழைய நிரல் இரு கூறுடையது. முற்கூறு, தள உரிமையாளரின் எண், விளம்பரத்தின் அகலம், உயரம் ஆகியவற்றைப் பக்கத்திலேயே பெயரிட்டு எழுதி வைக்கும். பிற்கூறு கூகுளின் பொதுக்கோப்பை அழைக்கும். அக்கோப்பு எல்லாத் தளத்துக்கும் ஒன்றே. யார் வீட்டுக்கு வந்துள்ளோம் என்பது அதற்குத் தெரியாது. வந்தபின் வீட்டார்போல் இயங்கி, எழுதி வைத்த குறிப்பைப் படித்துக்கொள்ளும். குறிப்பு பின்னும் கோப்பு முன்னுமாயின் விளம்பரம் வாராது.

அழைக்கும் முகவரியோடு குறிப்பையும் சேர்த்தனுப்பலாகாதோ எனின், ஆகும். ஆனால் முகவரி மாறுந்தோறும் உலாவி அதனை வேறு கோப்பெனக் கொண்டு மீண்டும் இறக்கும். முகவரி ஒன்றாயின், ஒருமுறை வந்ததைச் சேமித்துப் பல தளங்களுக்கும் அன்று பயன்படுத்த முடிந்தது. மெதுவான தொலைபேசி இணைப்புக் காலத்தில் இது சிறு சிக்கனமன்று.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. வீட்டாராக வந்த அயலார் நிரல், பக்கத்திலுள்ள பிறவற்றையும் காணக்கூடியது. அது வந்து சேரும்வரை பக்கமும் காத்து நின்றது. 2013இல் பரவிய புதுமுறை இக்காத்திருப்பை நீக்கிற்று. குறிப்புகளும் நிரலைவிட்டு விளம்பரக் கட்டத்தின் குறியுள் புகுந்தன. ஆயினும் பக்கத்தை விட்டு நீங்கவில்லை.

குறிப்பு பக்கத்தில் இருந்ததனால் ஆட்சியும் தளத்தாரிடமே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. எண்ணையும் அளவையும் பிழையற எழுதிய தமிழ்த் தளத்தாரும் நெடுநாள் காத்திருந்தனர். ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியல் கூகுளிடம் இருந்தது. அதில் தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான்.