இரண்டாம் வகை நீரிழிவு: அறிந்துகொண்ட வரலாறு
இரண்டாம் வகை நீரிழிவு என்பது பெரும்பாலும் வயது வந்தோருக்கு ஏற்படும் நோயாகும். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். ஆனால் எல்லா நோயாளிகளின் உடலும் இன்சுலினை ஒரே வகையில் ஏற்கவில்லை. இலண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் நோயாளிகளுக்குக் குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்து, அதே நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டு ஆராய்ந்தார். சிலருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுப்பட்டது, சிலருக்கு ஏறியது. சர்க்கரை ஏறியவர்களின் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்கவில்லை என்று 1936-இல் அவர் எழுதினார். இவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள், உடல் பருத்தவர்கள்.

இந்நோய் மெதுவாக முற்றுவது. எனவே, சர்க்கரையைக் குறைத்தால் பின்விளைவுகள் உண்மையில் குறையுமா என்ற ஐயம் மருத்துவர்களிடையே நீடித்தது. இதற்கு விடை காண, 1977-இல் பிரித்தானியாவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. 23 மையங்களில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 1998-இல் வெளியாயின. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைவாக இருந்தன. உடலில் எந்தத் தொந்தரவும் தெரியாதபோதும் உணவுக் கட்டுப்பாட்டையும் மருந்தையும் விடக்கூடாது என மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இந்த ஆய்வு ஒரு முதன்மைச் சான்றாகும்.