நெவர் அலோன்

நெவர் அலோன், 2014 நவம்பரில் வெளிவந்த பஸில் பிளாட்ஃபார்மர் வகை வீடியோ கேம். தாவியும் ஏறியும், இடையிடையே புதிர்களை அவிழ்த்தும் முன்னேறும் ஆட்டங்களுக்கு அந்தப் பெயர். அலாஸ்காவின் வடபகுதியில் வாழும் இனுப்பியாட் மக்களின் வாய்மொழிக் கதையொன்றிலிருந்து இது பிறந்தது. இனுப்பியாக் மொழியில் இதன் பெயர் ‘கிசிமா இங்ஙிட்சுஙா’, அதாவது ‘நான் தனியாக இல்லை’. நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை ஆர்க்டிக் நரியும், ஓயாமல் வீசும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். கதை சொல்லும் குரல் முழுக்க இனுப்பியாக் மொழியில்தான் ஒலிக்கிறது. மொழி தெரியாதவர்கள் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டும்.

முன்னோடிகள்

ஒரு குழந்தையையும் அதற்குத் துணையாக ஓர் உயிரையும் வைத்து ஆட்டம் அமைப்பது புதிதல்ல. அமெரிக்கரான டேவிட் கிரேன் 1989-இல் நின்டெண்டோவுக்காக உருவாக்கிய ‘எ பாய் அண்ட் ஹிஸ் பிளாப்’ ஆட்டத்தில், சிறுவன் மிட்டாய் கொடுக்கக் கொடுக்க அவனுடைய குழகுழப்பான தோழன் ஏணியாகவும் குடையாகவும் உருமாறுவான். ஜப்பானின் ஃபுமிட்டோ உவேடா 2001-இல் ‘இக்கோ’வில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் சிறுவனைக் காட்டினார். அவருடைய ‘தி லாஸ்ட் கார்டியன்’ சிறுவனுக்குத் துணையாக ஒரு பெரும் விலங்கைத் தந்தது. ஆனால் 2009-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டம் 2016-இல்தான் கடைக்கு வந்தது.

நெவர் அலோனைப் பார்த்த விமர்சகர்களில் பலர் டென்மார்க்கில் உருவான ‘லிம்போ’வை (2010) நினைவுகூர்ந்தனர். பக்கவாட்டுக் காட்சி, மங்கிய நிறம், அடிக்கடி சாகும் சின்னஞ்சிறு உருவம் என்று ஒப்புமைக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் லிம்போவின் சிறுவன் எந்த ஊர், யார் பிள்ளை என்று அந்த ஆட்டம் கடைசி வரை சொல்லாது. நூனாவின் ஊரும் உறவும், அங்கே வீசும் காற்றுக்கு மக்கள் தரும் மரியாதையும் ஆட்டம் நெடுகப் பேசப்படுகின்றன.

ஆங்கரேஜில் எடுத்த முடிவு

அலாஸ்காவின் பெருநகரான ஆங்கரேஜில், குக் இன்லெட் பழங்குடி மன்றம் 1983 முதல் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கல்வி, வேலைவாய்ப்பு, குடும்ப நலம் போன்ற சேவைகளைச் செய்துவரும் இலாப நோக்கற்ற அமைப்பு. அதன் வருமானம் பெரும்பாலும் அரசு நிதியை நம்பியிருந்தது. அந்தச் சார்பைக் குறைக்கவும், இளைஞர்கள் கையில் எப்போதும் இருக்கும் ஊடகத்தின் வழியாகவே அவர்களிடம் பேசவும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அதன் தலைவர் குளோரியா ஓ’நீல் நினைத்தார். வீடியோ கேம் என்ற எண்ணம் அப்படித்தான் எழுந்தது. அமைப்பு நாடிப்போன ஈ-லைன் மீடியா நிறுவனத்தாரே, இது ஆபத்தான தொழில் என்று முதலில் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு சமூக சேவை அமைப்பு தன் பணத்தை விளையாட்டில் போடுவது இன்றும் துணிச்சலான செயலாகத்தான் தெரிகிறது.

2012-இல் ‘அப்பர் ஒன் கேம்ஸ்’ தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பழங்குடியினருக்குச் சொந்தமான முதல் வணிக வீடியோ கேம் நிறுவனம் என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. பெயரில் ஒரு குறும்பு உண்டு: அலாஸ்காக்காரர்கள் தெற்கே ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் மாநிலங்களைக் ‘கீழ் நாற்பத்தெட்டு’ என்பார்கள். அப்படியானால் இவர்கள் ‘மேல் ஒன்று’. 2014-இல் இந்த நிறுவனம் ஈ-லைன் மீடியாவுடன் இணைந்தது.

கதையின் உரிமை

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நிரலெழுதிய நாள்களைவிட, அனுமதி கேட்ட நாள்களே அதிகம் பேசத்தக்கவை. படைப்புத் தலைவர் ஷான் வெஸ்ஸி, கலை இயக்குநர் டீமா வெர்யோவ்கா இருவரும் பழங்குடியினர் அல்லர். வெஸ்ஸி பெரிய நிறுவனங்களில் பெரும் ஆட்டங்களைச் செய்து பழகியவர். அவர்களுடைய குழு அலாஸ்காவின் வடமுனையிலுள்ள பாரோ ஊருக்குப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியது. (அந்த ஊர் 2016-இல் உட்கியாக்விக் என்ற தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது.) இனுப்பியாட், டிலிங்கிட் மரபுகளைச் சேர்ந்த கவிஞரும் கதைசொல்லியுமான இஷ்மேல் ஹோப் எழுத்துப் பணியை ஏற்றார். பெரியவர்கள், கதைசொல்லிகள், ஊர்க்காரர்கள் என ஏறக்குறைய 40 பேர் இதில் பங்களித்தனர். திரையில் தோன்றும் ஆடையும் ஆவிகளும் கருவிகளும் அவர்கள் பார்வையைக் கடந்தே வந்தன.

அடிப்படைக் கதை ‘குனூக்சாயுக்கா’. ஓயாத புயலுக்குக் காரணம் தேடிப் புறப்படும் ஒருவன், வாய்ச்சியால் பனியை வெட்டி வெட்டி வீசும் ஆளைக் கண்டுபிடிக்கிறான். ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற புகழ்பெற்ற கதைசொல்லி சொன்ன வடிவம் நூலிலும் பதிவாகியிருந்தது. அச்சில் வந்துவிட்ட கதைதானே என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். குழு அப்படிச் செய்யவில்லை. கிளீவ்லண்டின் மகள் மின்னி கிரே அப்போது முதியவராக இருந்தார். அவரிடம் போய் ஒப்புதல் கேட்டார்கள். மூலக்கதையின் ஆண் நாயகனைச் சிறுமியாக மாற்றவும் அவர் இசைந்தார். வாய்மொழிக் கதை சொல்பவர் வாயில் மாறுவது அந்த மரபுக்குப் புதிதல்ல. யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் அங்கே குறை. ஆட்டத்தில் கதைசொல்லியின் குரலாக ஜேம்ஸ் நகியாக் என்ற மூத்தவர் பேசினார். குரலில் நாடகத்தனம் கிடையாது. அடுப்படியில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் நிதானம் அதில் இருக்கிறது.

ஆட்டம்

நூனாவையும் நரியையும் ஒருவரே மாறி மாறி இயக்கலாம், இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். நூனா பெட்டிகளைத் தள்ளுவாள், கயிற்றில் ஏறுவாள். ஆந்தை மனிதனின் தொலைந்த மேளத்தை மீட்டுக் கொடுத்தபின், கயிற்று நுனியில் எடை கட்டிய போலா என்ற எறிகருவி அவளுக்குக் கிடைக்கும். அதை வீசிப் பனிக்கட்டியை உடைக்கலாம். நரி குறுகிய பொந்துகளில் நுழையும், செங்குத்துச் சுவரில் தாவி ஏறும். அது அருகில் வந்தால் கண்ணுக்குத் தெரியாத துணை ஆவிகள் வெளிப்பட்டு, கால்வைக்கும் படிகளாகும். இருவரில் ஒருவர் விழுந்தாலும் இருவரும் முந்தைய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டத்தின் மிக நல்ல கண்டுபிடிப்பு காற்று. எதிர்க்காற்று வீசும்போது குனிந்து தரையைப் பற்றிக்கொள்ளாவிட்டால் நூனா பள்ளத்தில் போய் விழுவாள். முதுகுப் பக்கம் வீசும்போது அதே காற்று அவளுடைய தாவலை நீட்டித் தரும். எப்போது பணிவது, எப்போது எழுந்து தாவுவது என்று விரல் பழகுவதற்குள், வானிலையோடு இசைந்துபோகும் வாழ்க்கை முறை எதுவென்று ஓரளவு பிடிபட்டுவிடும். பகைவர்களும் கதை மரபிலிருந்தே வருகிறார்கள். துரத்தும் பனிக்கரடி, ஊரையே எரித்த கொடியவன், வானில் பச்சையாய் மிதந்து சிறுமியைக் கவ்வப் பார்க்கும் வடதுருவ ஒளியின் ஆவிகள். குல்லா போடாமல் வெளியே போனால் அந்த ஒளி உன் தலையை எடுத்துப் பந்தாடும் என்று அங்கே பிள்ளைகளை மிரட்டுவார்கள். குளிரில் குல்லா போட வைக்க இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

பாதிக்கு மேல் கொடியவனின் கையில் நரி செத்துவிடுகிறது. பிறகு சிறுவன் உருவில் ஆவியாகத் திரும்பி, காற்றில் மிதந்தபடி நூனாவுக்கு உதவுகிறது. அதுவரை நரியின் துள்ளலுக்குப் பழகிய ஆட்டக்காரருக்குப் புதிய இயக்கம் சற்று அந்நியமாகத்தான் இருக்கும். அந்த இழப்பு விரல்களுக்கும் தெரிகிறது.

வழியில் ஆந்தைகளைக் கண்டுபிடித்தால் குறுநேர ஆவணப்படங்கள் திறக்கும். மொத்தம் 24, எல்லாம் சேர்ந்து சுமார் அரை மணி நேரம். திமிங்கில வேட்டை, பகிர்ந்துண்ணல், ஆவிகள், மெலிந்துவரும் கடற்பனி பற்றியெல்லாம் இனுப்பியாட் மக்களே கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அத்தியாயங்களுக்கு இடையிலான காட்சிகள் தந்தத்தில் கீறிய மரபுச் சித்திரங்களின் பாணியில் அசைகின்றன.

வரவேற்பு

ஆட்டம் 2014 நவம்பர் 18-இல் பிளேஸ்டேஷன் 4, விண்டோஸ் தளங்களில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பும் அதே வாரம் வெளியானது. கதை, குரல், காட்சி மூன்றையும் விமர்சகர்கள் போற்றினர். இயக்கத்தில் குறை கண்டார்கள், அதுவும் நியாயமாகவே. தனியாக ஆடும்போது கணினி இயக்கும் துணை, தாவ வேண்டிய இடத்தில் நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில் விழும். பெயருக்கேற்ப இருவர் சேர்ந்து ஆடினால் எரிச்சல் பெருமளவு குறையும். சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்றும் குறைபட்டனர். ஆவணப்படங்கள் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பாரும் உண்டு. அவற்றைத் தவிர்த்து ஆடுபவர் ஒரு சுமாரான பிளாட்ஃபார்மரைத்தான் ஆடியிருப்பார்.

2015-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாக இது தேர்வானது. அதே ஆண்டு ‘ஃபாக்ஸ்டேல்ஸ்’ என்ற கூடுதல் பகுதி இன்னொரு வாய்மொழிக் கதையை எடுத்துக்கொண்டு, நூனாவையும் நரியையும் படகில் ஏற்றியது. 2016-இல் கைப்பேசிக்கும், 2022-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் ஆட்டம் போனது. அதே 2022 செப்டம்பரில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் வீடியோ கேம் கண்காட்சியை இந்த ஆட்டத்தின் பெயராலேயே ‘நெவர் அலோன்’ என்று திறந்தது. பாக்-மேன், டெட்ரிஸ் போன்ற புகழ்பெற்ற ஆட்டங்களும் அந்தப் பெயரின் கீழ்தான் வைக்கப்பட்டிருந்தன.