பழைய ஜீப் விற்ற காசில் பிறந்த உதவித்தொகை

கல்லூரி நோட்டீஸ் போர்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத் திட்டம், இளைஞர் தலைமைப் பயிற்சி, விமானக் கட்டணம் இலவசம் என்று இருக்கும். கடைசித் தேதி என்ன, எத்தனை சதவீதம் மார்க் வேண்டும் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது நண்பர்களே!

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. கல்யாணம் முடிந்த மண்டபத்தில் மிஞ்சிய அரிசி மூட்டைகள் மாதிரி, அமெரிக்க ராணுவத்தின் ஜீப்புகளும் லாரிகளும் உணவுப் பொருட்களும் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. திரும்ப எடுத்துப் போனால் கப்பல் செலவு கட்டுப்படியாகாது. அந்தந்த நாட்டுக்கே விற்கலாம் என்றால், வாங்குகிறவர்களிடம் டாலர் இல்லை. அவர்கள் கொடுக்கக்கூடியது சொந்த நாட்டுப் பணம்தான். அதை அமெரிக்காவில் செலவு செய்ய முடியாது.

இங்கேதான் ஒருவருக்கு யோசனை வந்தது. ஆர்கன்சா மாநிலத்தின் செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட். இவரே இளமையில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அந்த ரோட்ஸ் உதவித்தொகையின் காசும் சாதாரணமானதல்ல. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பணம் சேர்த்த சிசில் ரோட்ஸ் எழுதி வைத்த சொத்து அது.

ஃபுல்பிரைட் 1945 செப்டம்பரில் கொண்டுவந்த மசோதா ரொம்ப எளிமையானது. விற்ற பொருளுக்கான பணம் அந்தந்த நாட்டிலேயே இருக்கட்டும், அதை வைத்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் பரிமாறிக்கொள்வோம், அவ்வளவுதான். வரிப்பணத்திலிருந்து புதிதாக எதுவும் கேட்காததால் பெரிய விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 1946 ஆகஸ்ட் 1-ம் தேதி அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10 லட்சம் டாலர், மொத்தம் 2 கோடி டாலர் என்று வரம்பும் வைத்தார்கள்.

சட்டத்தில் இன்னொரு முக்கியமான அம்சம் உண்டு. யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்ய, தனியாக ஒரு குழு அமைத்தார்கள். பணம் அரசாங்கத்துடையது, தேர்வு குழுவுடையது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1947-ல் முதல் ஒப்பந்தம் சீனாவுடன், அடுத்தது பர்மாவுடன் கையெழுத்தானது. இந்தியாவில் 1950 பிப்ரவரி 2-ம் தேதி பிரதமர் நேருவும் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சனும் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு நம் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். கோதுமை வாங்க அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தக் கடனுக்கு இந்தியா கட்டிய வட்டியில் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கச் சட்டத்திலேயே எழுதினார்கள். நாம் சாப்பிட்ட கோதுமையின் வட்டி, ஒரு பேராசிரியரின் கப்பல் டிக்கெட்டாக மாறியிருக்கலாம்!

இதுவரை எல்லாம் வெளிப்படை. இனி இருட்டான பக்கத்துக்கு வருவோம்.

பனிப்போர் காலத்தில் இளைஞர்களைத் தங்கள் பக்கம் இழுக்க இரண்டு வல்லரசுகளுமே போட்டி போட்டன. ப்ராக் நகரில் இயங்கிய சர்வதேச மாணவர் சங்கத்துக்கு சோவியத் ஆதரவு இருந்தது. அதற்குப் போட்டியாக நின்றது அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கம். இது வெளிநாட்டு மாணவர் தலைவர்களுடன் உறவு வைத்தது, மாநாடுகளுக்கு ஆள் அனுப்பியது, பயிற்சி முகாம்கள் நடத்தியது. காசு? அறக்கட்டளைகள் தருவதாகத்தான் சொன்னார்கள்.

1967-ல் 'ராம்பார்ட்ஸ்' என்ற பத்திரிகை குட்டை உடைத்தது. அந்த அறக்கட்டளைகள் வெறும் முகமூடி, உள்ளே இருந்தது சி.ஐ.ஏ.! 1950-களின் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் பணம் வந்திருக்கிறது. சங்கத்தின் சில நிர்வாகிகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர்களிடம் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மற்ற ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு எதுவும் தெரியாது. வெளிநாட்டு மாணவர் தலைவர்களைப் பற்றிய குறிப்புகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. பெரிய புயல் கிளம்பியது. அதிபர் ஜான்சன் ஒரு குழு அமைத்து, இப்படி ரகசியமாகப் பணம் கொடுப்பதை நிறுத்த உத்தரவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டுமே ஒரே அரசாங்கத்தின் பணம். இரண்டுக்கும் அமெரிக்காவின் செல்வாக்கை வளர்க்கும் நோக்கம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபுல்பிரைட் திட்டம் நிலைத்து, இதுவரை 4 லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்பெற்றிருக்கிறார்கள். மற்றது அவமானத்தில் முடிந்தது. என் பார்வையில், கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததும், தேர்வு செய்யும் கை தனியாக இருந்ததும்தான் வித்தியாசம்.

அந்தத் தனிக் கைக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2020-ல் சீனா, ஹாங்காங்குக்கான ஃபுல்பிரைட் திட்டத்தை அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் நிறுத்தினார். 2025 ஜூனில் தேர்வுக் குழுவின் உறுப்பினர்களில் ஏறக்குறைய எல்லோருமே ராஜினாமா செய்தார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்த பலரை அரசு நிராகரிக்கிறது, இது சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை.

இந்தியா 2008-ல் வேறு வழியில் போனது. புதிய ஒப்பந்தப்படி செலவில் சம பங்காளியானது. திட்டத்துக்கு ஃபுல்பிரைட்-நேரு என்று பெயரும் வந்தது. வாங்குகிற கை மட்டுமாக இல்லாமல் கொடுக்கிற கையாகவும் இருந்தால்தான் மேஜையில் நம் பேச்சு எடுபடும்.

ஆகவே, வாய்ப்பு வந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுக் காசு என்றாலே சதி என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: பணம் யாருடையது? தேர்வு செய்வது யார்? இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தால் பெட்டியைக் கட்டலாம். பதில் சுற்றி வளைத்து வந்தால், கொஞ்சம் நிதானிப்பது நல்லது.