சம்பூருக்கு உச்சம் கொடுக்கும் சூரியன்

சூரியன் நாள்தோறும் நண்பகலில் தலைக்கு நேரே வருவதாகவே நம்மில் பலர் எண்ணுகின்றோம். கொட்டியாரக் குடாவை அண்டிய சம்பூரில் அது ஆண்டுக்கு இரு தடவைகளே நிகழ்கிறது. ஏப்ரல் 12ஆம் திகதியளவில் ஒரு தடவை. ஆகஸ்ட் இறுதியில் மறு தடவை. அந்நாட்களில் 12 மணி கடந்து ஏறத்தாழ 5 நிமிடத்தில், நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் இராது.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் உச்சம் கொடுக்கும் இடம் கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையே நகர்ந்தவண்ணம் உள்ளது. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்முனையைத் தொடும் அது, பத்து நாட்களில் பருத்தித்துறையைக் கடந்துவிடும்.

அப்படியாயின் சித்திரை வெயில் சுடுவது சூரியன் நம்மை நெருங்குவதாலா? இல்லை. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையில் இருக்கும் தொலைவைவிட அப்போது 50 இலட்சம் கிலோ மீற்றர் குறைவு. ஆயினும் சம்பூரில் அது மாரிக்காலம். வெயிலின் கடுமையைத் தீர்மானிப்பவை ஒளி விழும் கோணமும் முகிலும் காற்றுமே.

நிழலற்ற இந்நாளில் பூமியையே அளக்கலாம். சம்பூரில் நிழல் மறையும் நண்பகலில், பருத்தித்துறையில் நாட்டிய ஒரு மீற்றர் கம்பம் வடக்கு நோக்கி ஏறத்தாழ 2.3 சென்ரி மீற்றர் நிழல் தரும். அதன் கோணம் 1.33 பாகை. இரு ஊர்களுக்கும் இடையிலான வட, தென் தூரம் சுமார் 148 கிலோ மீற்றர். இதை 360 பாகைக்குப் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோ மீற்றர் என வரும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரத்தோஸ்தனிஸ் கையாண்ட முறை இதுவே. சூரியன் புள்ளியன்று, வட்டம். ஆகையால் நிழலின் ஓரம் மங்கலாகவே விழும். விடை சற்று முன்பின்னாக வந்தால் மாணவர் சோர்வடைய வேண்டியதில்லை.

சம்பூருக்கும் சூரியனுக்கும் இப்போது வேறொரு தொடர்பும் ஏற்பட்டிருக்கிறது. 2006இல் போரினால் இம்மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது மண்ணில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி 120 மெகாவோட் சூரிய மின்திட்டத்துக்கு அங்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் பெருகும் என்பதும் முழு உண்மையன்று. மின்கலத்துக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். சுடுவெயிலில் தகடு 60 பாகையைத் தாண்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு ஏற்படும். சம்பூரின் கடற்காற்று இங்கே கைகொடுக்கும்.

இக்கணக்குகளை அவ்வூர்ப் பிள்ளைகள் பாடநூலில் மட்டும் படிப்பது போதாது. மின்நிலையத்தின் அன்றாட உற்பத்தி அளவையும் தகட்டின் வெப்பநிலையையும் மூதூர் வலயப் பாடசாலைகளுக்கு வழங்குமாறு மின்சார சபையை நாம் கேட்டுக்கொள்கின்றோம். அதற்குப் பெருஞ்செலவு எதுவும் பிடிக்காது.